டிரைக்கோடெர்மா விரிடி விதை நேர்த்திப் பொடி: இரண்டு பருவ அனுபவம்

நிலக்கடலையிலும் உளுந்திலும் முளைத்த சில நாள்களிலேயே நாற்றுகள் வாடிச் சாய்வதைத் தடுப்பதற்காக, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தை டால்க் மாவில் கலந்து விற்கும் பொடியை இரண்டு பருவங்கள் பயன்படுத்தினேன். கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலந்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில வரிசைகளில் நேர்த்தி செய்யாத விதையையே ஊன்றினேன்.

முதல் பருவத்தில் வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. நேர்த்தி செய்யாத வரிசையில் சாய்ந்த கடலை நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால், மண்ணை ஒட்டிய தண்டுப் பகுதியில் வெள்ளை நூலாம்படையும், அதன் மேல் கடுகளவு பழுப்பு மணிகளும் ஒட்டியிருந்தன. இவை தண்டழுகலை உண்டாக்கும் ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி என்ற பூஞ்சாணத்தின் விதைகளைப் போன்றவை; பயிரில்லாத காலத்திலும் மண்ணில் உயிரோடு கிடந்து, அடுத்த பயிரைத் தாக்குபவை. நேர்த்தி செய்த வரிசைகளில் இந்தச் சேதம் மிகக் குறைவு.

ரைசோக்டோனியா போன்ற நோய்ப் பூஞ்சாணங்களின் இழைகளை டிரைக்கோடெர்மா சுற்றிக்கொண்டு, அவற்றின் செல்சுவரை நொதிகளால் கரைக்கிறது. எனவே நோய்க்கிருமி வேரை எட்டுவதற்கு முன்பே டிரைக்கோடெர்மா விதையின் மேல் இருந்தாக வேண்டும். அழுகத் தொடங்கிவிட்ட நாற்றை இப்பொடி மீட்காது.

இரண்டாம் பருவத்தில் வாங்கிய பொட்டலம் என்னை மிகவும் வருத்தியது. தயாரிப்புத் தேதி அழிந்து, பொடி கட்டி கட்டியாக இருந்தது. நேர்த்தி செய்த வரிசைகளும் செய்யாதவற்றைப் போலவே சாய்ந்தன. உயிருள்ள வித்துகளை வெயிலில் வைத்து விற்றால் விவசாயி வாங்குவது வெறும் டால்க் மாவுதான் என்பதை விற்பவர்கள் உணர வேண்டும்.

‘எல்லா மண் பூஞ்சாணங்களையும் ஒழிக்கும்’ என்று உறையில் அச்சிட்டிருப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நாற்றழுகலுக்குக் காரணமான பித்தியம் என்ற நுண்ணுயிர் உண்மையான பூஞ்சாணமே அல்ல. அதன் வித்துகள் நீரில் நீந்திச் சென்று வேரைத் தாக்குபவை. தண்ணீர் தேங்கிய தாழ்வான மூலையில், நல்ல பொடியைப் பயன்படுத்திய முதல் பருவத்திலும் நாற்றுகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. அங்கே வடிகால் வெட்டாமல் பொடியை மட்டும் நம்பியது என் தவறு.

கார்பென்டசிம் போன்ற பூஞ்சாணக்கொல்லியுடன் இதைக் கலந்தால் டிரைக்கோடெர்மாவே செத்துவிடும். இந்த எச்சரிக்கை உறையில் கண்ணுக்குத் தெரியாத சிறு எழுத்தில் இருக்கிறது. கடலை விதையை ஈரமாக்கி அழுத்திப் பிசைந்தால் மேல்தோல் உரிந்து அதுவே நோய்க்கு வழிவிடும் என்பதால், உலர்ந்த விதையோடு பொடியை மெதுவாகக் குலுக்கிக் கலப்பதே நல்லது.

தேதி தெளிவாக உள்ள, குளிர்ந்த இடத்தில் வைக்கப்பட்ட பொட்டலம் கிடைத்தால் அடுத்த பருவத்திலும் வாங்குவேன், ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து மண்ணிலும் இட்டுப் பார்க்கவிருக்கிறேன்.