பிட்காயின் இடிஎஃப் நீண்ட நாள் அனுபவம்: டெல்டாக் குடும்பங்களுக்கு எது உதவுகிறது, எங்கே இடிக்கிறது

2024 ஜனவரி 10 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் ஒரே சமயத்தில் 11 நேரடி பிட்காயின் இடிஎஃப்களுக்கு, அதாவது பிட்காயினையே வாங்கி வைத்துக்கொண்டு அதற்கான பங்குகளைப் பங்குச் சந்தையில் விற்கும் அமைப்புகளுக்கு, அனுமதி தந்தது. மறுநாளே வணிகம் தொடங்கிவிட்டது. கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து நியூஜெர்சிக்கும் டெக்சாஸுக்கும் போன பிள்ளைகள் பலர் அப்போதிருந்தே இவற்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கணக்குத் தாள்களையும், ஊர் திரும்பியவர்களின் வருமான வரிப் படிவங்களையும் பார்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. பிட்காயின் ஏறுமா, இறங்குமா என்பதை இங்கே பேசப் போவதில்லை. வாங்கி வைத்து நாளான பிறகு இந்தப் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் சொல்கிறோம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டில் சம்பாதித்து அங்கேயே தரகுக் கணக்கு வைத்திருப்பவருக்கு இது நன்றாக வேலை செய்கிறது. இங்கே இருந்துகொண்டு நெல் விற்ற பணத்தை அனுப்பி வாங்க நினைப்பவருக்கு இப்போதைக்கு வேண்டாம்.

அறுவடை முடிந்து மூட்டைகளைச் சேமிப்புக் கிடங்கில் அடுக்கி ரசீது வாங்கி வைப்பது டெல்டாவில் தெரிந்த வழக்கம்தான். ரசீது கைமாறும், நெல் கிடங்கிலேயே கிடக்கும். நேரடி பிட்காயின் இடிஎஃப்பும் அப்படி ஒரு ரசீதுதான். ஆனால் இங்கே வாடகையை யாரும் பணமாகக் கேட்பதில்லை. கிடங்கில் இருக்கும் சரக்கிலிருந்தே அள்ளிக்கொள்கிறார்கள். இது புரிந்தால் மற்றதில் பாதி புரிந்துவிடும்.

பிளாக்ராக் என்ற அமெரிக்க நிதி நிறுவனத்தின் ஐபிட் (IBIT) இடிஎஃப்பை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பரஸ்பர நிதி போன்ற அமைப்பு இல்லை இது. டெலாவேர் மாநிலச் சட்டப்படி அமைந்த அறக்கட்டளை. 1933ஆம் ஆண்டுப் பத்திரச் சட்டத்தின் கீழ் பதிவானது. முதலீட்டு நிதிகளைக் கட்டுப்படுத்தும் 1940ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பொருந்தாது. ஆகவே அந்தச் சட்டம் நிதிகளுக்குத் தரும் பாதுகாப்புகளை இதில் எதிர்பார்க்கக் கூடாது. நடத்துவது பிளாக்ராக்கின் துணை நிறுவனம். பிட்காயினை முதன்மையாகப் பூட்டி வைத்திருப்பது நியூயார்க் மாநில உரிமம் பெற்ற காயின்பேஸ் கஸ்டடி. டாலரையும் கணக்கு எழுதுவதையும் பார்த்துக்கொள்வது பேங்க் ஆஃப் நியூயார்க் மெலன். பங்கு நாஸ்டாக்கில் விற்கிறது. இந்தப் பெயர்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏதாவது பிசகினால் யாருடைய பொறுப்பு என்று கேட்க இந்தப் பட்டியல்தான் கையில் இருக்கும்.

பங்கின் விலை பிட்காயின் விலையோடு ஒட்டியே போவது எப்படி? ஜேன் ஸ்ட்ரீட், ஜேபி மார்கன் போன்ற பெரிய வணிக நிறுவனங்கள் அங்கீகரிக்கப்பட்ட பங்கேற்பாளர்களாக இருக்கின்றன. அறக்கட்டளையோடு நேரடியாகக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள அவர்களுக்கு மட்டுமே உரிமை உண்டு. அதுவும் கூடை கூடையாகத்தான். ஐபிட்டில் ஒரு கூடை 40,000 பங்கு. சந்தையில் பங்கு விலை அதன் உள்மதிப்பைவிட, அதாவது பங்குக்குப் பின்னால் இருக்கும் பிட்காயினின் மதிப்பைவிட, ஏறினால் புதுக் கூடை உருவாக்கி விற்பார்கள். இறங்கினால் பங்குகளை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு மதிப்பை எடுத்துக்கொள்வார்கள். இந்த லாப வேட்டைதான் விலையை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. தொடக்கத்தில் கூடைக்கு டாலர் மட்டுமே கொடுக்கலாம், டாலர் மட்டுமே வாங்கலாம் என்ற விதி இருந்தது. 2025 ஜூலை இறுதியில் பிட்காயினாகவே கொடுத்து வாங்கவும் ஆணையம் அனுமதித்தது. சாதாரண வாங்குபவருக்கு இதனால் அன்றாடத்தில் பெரிய மாற்றம் தெரியாது. எப்போதும்போல ஒரு பங்கும் வாங்கலாம், விற்கலாம். பங்கைக் கொடுத்து பிட்காயினாகப் பெற முடியாது.

இந்தத் திருப்பிக் கொடுக்கும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு கிரேஸ்கேல் நிறுவனத்தின் ஜிபிடிசி (GBTC) சாட்சி. 2013இல் தொடங்கிய அந்த அறக்கட்டளையில், 2014 இறுதியிலிருந்து இடிஎஃப்பாக மாறும் வரை, பங்கைக் கொடுத்து மதிப்பைத் திரும்பப் பெற வழியில்லை. 2022 டிசம்பரில் உள்ளே இருந்த பிட்காயின் மதிப்பில் ஏறத்தாழ பாதி விலைக்கே பங்கு விற்றது. இடிஎஃப்பாக மாற ஆணையம் மறுத்ததை எதிர்த்த வழக்கில் 2023 ஆகஸ்டில் தீர்ப்பு கிரேஸ்கேலுக்குச் சாதகமாக வந்து, 2024 ஜனவரியில் அது இடிஎஃப்பாக மாறிய பிறகுதான் அந்தத் தள்ளுபடி முழுதாகக் கரைந்தது. எந்த நாட்டின் கிரிப்டோ நிதியை யார் காட்டினாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: பங்கைத் திருப்பிக் கொடுக்கும் வழி தினமும் திறந்திருக்கிறதா?

இனி கட்டணம். நாங்கள் கணக்குத் தாளில் விலையைவிட அதிகம் கவனிப்பது, ஒரு பங்குக்குப் பின்னால் எத்தனை சடோஷி நிற்கிறது என்பதை. ஒரு பிட்காயின் பத்துக் கோடி சடோஷி. ஐபிட் தொடங்கியபோது ஒரு பங்குக்கு ஏறத்தாழ 57,000 சடோஷி இருந்தது. ஆண்டுக் கட்டணம் 0.25 சதவீதம். அதைக் கட்ட அறக்கட்டளை பிட்காயினை அவ்வப்போது விற்கிறது. அதனால் பங்குக்கு ஆண்டுக்கு 140 சடோஷிக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைகிறது. வட்டியும் இல்லை, ஈவுத்தொகையும் இல்லை என்பதால் இந்தக் குறைவை ஈடுகட்ட உள்ளே எதுவும் வராது. பத்தாண்டுக்கு இது சுமார் இரண்டரை சதவீதம். ஜிபிடிசியில் கட்டணம் 1.5 சதவீதம். அதே பத்தாண்டில் சுமார் 14 சதவீத பிட்காயின் போய்விடும். பழைய பங்கை விற்றால் வரி வருமே என்று ஜிபிடிசியிலேயே இருப்பவர்கள் இந்த 14ஐயும் அந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அதே நிறுவனம் 2024 ஜூலையில் கொண்டுவந்த மினி டிரஸ்ட்டின் கட்டணம் 0.15 சதவீதம்தான்.

அமெரிக்காவில் வரி கட்டுபவர்களுக்கு இதனால் ஒரு சின்னத் தொல்லை உண்டு. கட்டணத்துக்காக விற்கப்படும் பிட்காயினில் உங்கள் பங்குக்கு உரிய அளவை நீங்களே விற்றதாகக் கருதுவார்கள். ஒரு பங்கையும் விற்காதவருக்கும் ஆண்டு முடிவில் வரித்தாளில் சில்லறைத் தொகைகள் வரும். தவறு என்று நினைத்து விட்டுவிடாமல் அதையும் காட்ட வேண்டும்.

தினசரி உள்மதிப்பைக் கணக்கிடும் முறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐபிட் பயன்படுத்தும் குறியீடு, நியூயார்க் நேரம் பிற்பகல் 3 முதல் 4 வரையிலான ஒரு மணி நேரத்தை ஐந்தைந்து நிமிடமாக 12 துண்டாக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும், விற்று வாங்கிய அளவுக்கு ஏற்ப எடை கொடுத்து, நடுவில் நிற்கும் விலையை (மீடியன்) எடுத்து, பன்னிரண்டுக்கும் சராசரி போடுகிறது. சந்தையின் முடிவு விலையோ சரியாக 4 மணிக்குரியது. அந்த ஒரு மணி நேரத்தில் பிட்காயின் தடதடவென்று ஏறியிருந்தால், பங்கு அதிக விலைக்கு விற்றதுபோல் இணையதளத்தில் தெரியும். உண்மையில் அப்படி எதுவும் நடந்திருக்காது. ஒருநாள் வேறுபாட்டைப் பார்த்துப் பதறி விற்றவர்கள் இருக்கிறார்கள். வாரக்கணக்கில் ஒரே பக்கமாக நீடித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பெரிய குறை, நேரம். பிட்காயினுக்கு ஞாயிறும் இல்லை, பொங்கலும் இல்லை. இடிஎஃப் வணிகமோ நம் நேரப்படி கோடையில் மாலை 7 முதல் நள்ளிரவு 1.30 வரை, அமெரிக்கக் குளிர்காலத்தில் இரவு 8 முதல் 2.30 வரை, அதுவும் வாரத்தில் ஐந்து நாள்தான். 2024 ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை சந்தை மூடியபோது பிட்காயின் 60,000 டாலருக்கு மேல் இருந்தது. 5ஆம் தேதி திங்களன்று 50,000க்குக் கீழே தொட்டது. இடையில் இடிஎஃப் வைத்திருந்தவரால் எதுவும் செய்ய முடியவில்லை. இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று ஸ்டாப் லாஸ் போட்டு வைத்தவர்களுக்கும் அது காப்பாகவில்லை. குறித்த விலையைத் தாண்டி, திறந்த விலைக்கே விற்பனையானது. ஆகவே திங்கள் மாலை முதல் கால்மணி நேரத்தில், கிடைக்கும் விலைக்கே முடிக்கும் மார்க்கெட் ஆர்டர் போடாதீர்கள். ஐபிட்டில் சாதாரண நேரத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி ஒன்றிரண்டு சென்ட்தான். சந்தை திறக்கும் நேரத்தில் அது விரியும். விலை வரம்பைக் குறிக்கும் லிமிட் ஆர்டர் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவதும் நடக்கிறது. 2021 அக்டோபரில் வந்த பிட்டோ (BITO) என்ற இடிஎஃப்பின் பெயரிலும் பிட்காயின் இருக்கிறது. ஆனால் அது வைத்திருப்பது சிகாகோ சந்தையின் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்களை, அதாவது பின்னொரு நாளுக்கு இப்போதே விலை பேசும் ஒப்பந்தங்களை. மாதாமாதம் முடியும் ஒப்பந்தத்தை விற்று அடுத்த மாதத்தை வாங்க வேண்டும். அடுத்த மாதம் விலை கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரையும். கட்டணமும் 0.95 சதவீதம். நீண்ட நாள் வைத்திருக்க அது ஏற்றதல்ல. 2024 ஜூலையில் வந்த ஈதர் (இன்னொரு கிரிப்டோ நாணயம்) இடிஎஃப்கள் நேரடியானவைதான் என்றாலும், ஸ்டேக்கிங் வருமானம், அதாவது ஈதரைப் பிணையாக வைத்து அதன் வலையமைப்பு இயங்க உதவுவதற்குக் கிடைக்கும் வெகுமதி, இல்லாமலேயே தொடக்கத்தில் வந்தன. ஈதரைத் தாமே வைத்து ஸ்டேக்கிங் செய்பவருக்குக் கிடைப்பது அவற்றில் கிடைக்கவில்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம். முதல் 11 இடிஎஃப்களில் பெரும்பாலானவற்றின் பிட்காயின் ஒரே காப்பாளரிடம், காயின்பேஸிடம்தான் இருக்கிறது. அதன் காப்பீடு 32 கோடி டாலர் வரை என்று ஐபிட்டின் ஆவணம் சொல்கிறது. அது எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து. பூட்டி வைத்திருக்கும் மதிப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. தொகை பெரிதாக இருந்தால் பாதியை, தன் பிட்காயினைத் தன் குழும நிறுவனத்திலேயே காக்கும் ஃபிடிலிட்டி நிறுவனத்தின் எஃப்பிடிசி (FBTC) இடிஎஃப்பில் வைப்பது நல்லது என்போம். கட்டணம் அங்கும் 0.25தான். பிட்வைஸ் என்ற இன்னோர் இடிஎஃப் நிறுவனம் தன் பிட்காயின் முகவரிகளை வெளியிட்டிருக்கிறது. இருப்பை யாரும் சரிபார்க்கலாம். மற்றவர்களும் இதைச் செய்ய வேண்டும் என்பது எங்கள் ஆசை.

இங்கிருந்து வாங்குவது ஏன் வேண்டாம் என்கிறோம்? இந்தியச் சந்தைகளில் கிரிப்டோ இடிஎஃப் இல்லை. டாலர் அனுப்பித்தான் வாங்க வேண்டும். ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. ஆனால் இந்தப் பணத்தை கிரிப்டோவில் போட மாட்டேன் என்று சில வங்கிகள் உறுதிமொழி கேட்கின்றன. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு இதை வாங்கச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பும் தொகைக்கு 20 சதவீதத்தை வங்கி முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். வரித் தாக்கலில் திரும்ப வரும் என்றாலும் அதுவரை பணம் முடங்கும். விற்ற பணத்தை மறுமுதலீடு செய்யாமல் 180 நாளுக்கு மேல் அங்கே போட்டு வைக்கவும் கூடாது. தை, மாசியில் சம்பா நெல் போட்டு வரும் பணம் ஜூனில் குறுவைக்கு வேண்டும். அதற்குள் விற்று, மறுநாள் தீர்வாகி, தரகரிடமிருந்து எடுத்து, வங்கி வழியே வந்து சேர நாளும் கட்டணமும் ஆகும். அந்த நேரத்தில் விலை எங்கே இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. நேரடி கிரிப்டோ லாபத்துக்கு இங்கே 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் உண்டு. இடிஎஃப் லாபத்தை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதில் ஆடிட்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உங்கள் ஆடிட்டரின் கருத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வெளிநாட்டில் இருந்தபோது வாங்கியதை ஊர் திரும்பிய பிறகும் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. முதல் இரண்டு மூன்று ஆண்டு வரி விஷயத்தில் தளர்வும் கிடைக்கலாம். அது முடிந்ததும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியாக வேண்டும். அங்கே கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் இல்லை, ஜனவரி முதல் டிசம்பர். 2025-26 நிதியாண்டுப் படிவத்தில் 2025 டிசம்பர் 31 வரையிலான உச்ச மதிப்பும் இறுதி மதிப்பும் வரும். ரூபாய்க்கு மாற்ற ஸ்டேட் வங்கியின் டிடி (TT, தந்தி மாற்று) வாங்கும் விகிதம். காட்டாமல் விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்கு உட்பட்டதற்கு 2024 அக்டோபரிலிருந்து இந்த அபராதத்தில் விலக்கு உண்டு. திரும்புமுன் தரகரிடம் முகவரி மாற்றத்தைச் சொல்லி அமெரிக்க வரிக்கு நீங்கள் வெளிநாட்டவர் என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் (W-8BEN) படிவம் கொடுங்கள். இந்திய முகவரி என்றதும் சில தரகர்கள் புதிதாக வாங்கவிடாமல் விற்க மட்டும் அனுமதிக்கிறார்கள். சிலர் கணக்கையே மூடச் சொல்கிறார்கள். விமானம் ஏறுமுன் இதைக் கேட்டுவிட வேண்டும்.

கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால்? பிட்காயினைத் தானே வைத்திருந்து, அதைத் திறக்கும் சாவியான 24 சொற்களை யாரிடமும் சொல்லாமல் போனவரின் பணம் போனதுதான். இடிஎஃப்பில் அந்த அபாயம் இல்லை. பங்கு தரகர் ஏட்டில் இருக்கும். ஆனால் கைக்கு வர ஆவணம் வேண்டும். வெளிநாட்டவரின் அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டினால், சொத்தை வாரிசுக்கு மாற்றலாம் என்ற அந்நாட்டு வரித்துறையின் சான்று (transfer certificate) வரும் வரை தரகர் விடுவிக்காமல் வைத்திருக்கலாம். கையெழுத்து உண்மையானது என்று அமெரிக்க வங்கிகள் தரும் மெடாலியன் கையெழுத்து உத்தரவாதம் கேட்டால், தஞ்சாவூரில் எந்த வங்கியிலும் அது கிடைக்காது. உயிரோடு இருக்கும்போதே இறப்புக்குப் பின் மாறும் பயனாளி பெயரைப் பதிந்துவிட்டால் இதில் பாதித் தலைவலி குறையும். பெயர் எழுதும்போது இனிஷியலைக் கவனியுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருக்கும். அமெரிக்கத் தரகர் இரண்டையும் இரண்டு ஆளாகப் பார்ப்பார். பயனாளியின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியுங்கள். இரண்டு வடிவமும் ஒரே நபருக்குரியவை என்ற நோட்டரி உறுதிமொழியையும் ஆங்கிலத்தில் எடுத்து, கணக்கு எண்ணோடு வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.