பெரியப்பா விட்டுப்போன தள்ளுவண்டி: கற்றுக்குட்டி வெல்டிங் எவ்வளவு தாங்கியது?

வெல்டிங் கற்றுக்கொள்ளும் ஆசையில் வீட்டில் கிடக்கும் பழைய ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைக் கையில் எடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாக எடுக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் வெல்டிங்தான் பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள். 2022 கோடையில் நான் சரிசெய்த வண்டி இன்றும் ஓடுகிறது. இதுவரை அது கொடுத்த தொந்தரவு எதுவும் நான் பத்தவைத்த, அதாவது வெல்டிங் வைத்த, இடத்தில் வரவில்லை. வந்ததெல்லாம் சக்கரத்தில், பெயின்ட்டில், தண்ணீர் தேங்கும் மூலைகளில்.

வண்டி பெரியப்பாவுடையது. சித்தாள் வேலையில் ஆரம்பித்து மேஸ்திரி ஆனவர். கம்பெனி முத்திரை எதுவும் இல்லை. உள்ளூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்த வண்டி. ஒரு இஞ்சு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை வளைத்து ஃபிரேம், 16 கேஜ் (சுமார் 1.6 எம்.எம்.) தகட்டில் தொட்டி, முன்னால் பட்டை அடித்த இரும்புச் சக்கரம். அவர் போன பிறகு தென்னை மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. எங்கள் வீடு கடலூரை ஒட்டிய குண்டு உப்பலவாடி பக்கம். கடலும் கிட்ட, தென்பெண்ணையும் கிட்ட. இந்த உப்புக் காற்றில் பெயின்ட் அடித்த ஜன்னல் கம்பியே நாலு வருஷத்தில் பொரிந்துவிடும். அப்படியே கிடந்த தகட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது சுத்தியால் தட்டிப் பார்ப்பது. நல்ல இரும்பு கணீரென்று பேசும். துரு தின்ற இடம் பொத்தென்று கேட்கும், கூடவே செதில் உதிரும். தொட்டியின் பக்கங்கள் கணீரென்றன. அடிப்பாகத்தில், தொட்டி ஃபிரேம் மேல் உட்காரும் வரிசை முழுக்கப் பொத்துப்பொத்தென்றது. ஃபிரேம் மட்டும் அசையவில்லை. பழைய ஆட்கள் நடுத்தரக் கனமுள்ள பி கிளாஸ் பைப்பில் செய்திருக்கிறார்கள், சுவர்க் கனம் 3.2 மில்லிமீட்டர். அந்தக் கனம்தான் என்னைப் போன்ற ஆளைக் காப்பாற்றியது. மெல்லிய பர்னிச்சர் பைப்பாக இருந்திருந்தால் வெல்டிங் ராடு தொட்ட இடமெல்லாம் ஓட்டை விழுந்திருக்கும். பைப் மாற்ற வேண்டி வந்தால் கடையில் நீலப் பட்டை போட்டதைக் கேளுங்கள், அதுதான் பி கிளாஸ். மஞ்சள் பட்டை ஏ கிளாஸ், விலை குறைவு, சுவரும் மெலிசு.

துருவை எடுக்கத்தான் நேரம் போகும். கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டு ஓட்டினால் மேல்துரு போய்விடும். குழிகளுக்குள் இருப்பது போகாது, பளபளப்பாகிவிட்டு உள்ளேயே இருக்கும். அங்கே கடுக்காயை இடித்துப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைத் தடவிப் பார்த்தேன். கடுக்காயின் துவர்ப்பில் இருக்கும் டானின் துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாக மாறுகிறது. கடையில் விற்கும் துரு மாற்றி மருந்துகள் சிலவற்றிலும் இதே டானின்தான், வேறு சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம். கடுக்காய் மெதுவாகத்தான் வேலை செய்யும், இரண்டு மூன்று பூச்சு வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். உப்பு உள்ளே இருந்தால் மேலே என்ன பூசினாலும் ஒரு மழைக்காலத்துக்குள் கொப்பளம் கிளம்பும்.

வெல்டிங் மெஷின் 200 ஆம்ப்ஸ் இன்வெர்ட்டர் வகை, வீட்டு சிங்கிள் பேஸ் கரன்ட்டில் ஓடுவது. ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். ராடு 6013 என்ற ரகம், இரண்டரை எம்.எம். கற்றுக்கொள்ளும் ஆளுக்கு இதைவிடச் சாதுவான ராடு இல்லை. லேசில் பிடித்துக்கொள்ளும், கசடும் சுலபமாக உரிந்து வரும். எனக்கு ஃபிரேமுக்கு 80 ஆம்ப்ஸ், தகட்டுக்கு 60ஐ ஒட்டி என்று அமைந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும். அப்போது அதே 80இல் ராடு ஒட்டிக்கொள்ளும். காலையில் வைத்துக்கொண்டால் இந்தச் சண்டை இல்லை. எக்ஸ்டென்ஷன் ஒயர் மெலிசாக இருந்தாலும் இதே கதைதான். டேபிள் ஃபேனுக்கு வைத்திருக்கும் ஒயரை இழுத்து வந்து மெஷினைக் குறை சொல்ல வேண்டாம்.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். ராடு பாக்கெட்டைப் பிரித்தால் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். மேல்பூச்சு ஈரம் குடித்தால் பொறி தாறுமாறாகத் தெறிக்கும், பத்தில், அதாவது வெல்டிங் பிடித்த இடத்தில், பொடிப்பொடி ஓட்டை விழும்.

ஜி.ஐ. பைப்பில் பத்தவைப்பது பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லியாக வேண்டும். மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு ஆர்க் (ராடு முனையில் எரியும் மின்சுடர்) சூட்டில் ஆவியாகி வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை நிறையச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் மாதிரி நடுக்கும், வாயில் உலோகச் சுவை நிற்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும், ஆனால் லேசாக எடுத்துக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை. எனக்கு ராடு பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பட்டறை அண்ணன், "ஜி.ஐ. அடிச்சா ஒரு டம்ளர் பால் குடிச்சிடு தம்பி, சரியாயிடும்" என்பார். "பால் வயித்துக்குப் போவுது, பொகை நெஞ்சுக்குல்ல போவுது அண்ணே" என்றேன். சிரித்தார், ஆனால் பாலை விடவில்லை. பால் குடிப்பதில் தப்பில்லை, அதை நம்பி மூக்கைக் காட்டுவதுதான் தப்பு. பத்தவைக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஓர் இஞ்சுக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். திறந்த வெளியில், காற்று பக்கவாட்டில் வந்து புகையை முகத்தைவிட்டுத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி உட்கார வேண்டும். கண்ணுக்குத் தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டில் கண்ணாடியின் கறுப்பை 11ஆம் நம்பரில் வைத்தேன். லுங்கி கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பொறி எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது.

பைப் முனையை மூடிப் பத்தவைப்பதாக இருந்தால் எங்காவது ஒரு சிறு துளை விட்டுவிட்டுத்தான் மூட வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, கடைசிப் பொட்டு வைக்கும்போது உருகிய இரும்பை வெளியே துப்பும். துளையைக் கீழ்ப்பக்கம் போட்டால் பிற்பாடு தண்ணீர் வடியவும் அதுவே ஆகும்.

தொட்டிதான் நிஜமான பரீட்சை. துரு தின்ற தகட்டின் ஓரத்தில் ஆர்க் பட்டால் அது உருகுவதில்லை, காணாமல் போகிறது. ஓட்டையை அடைக்கப் போனால் ஓட்டை பெரிதாகிக்கொண்டே வரும். அதனால் நல்ல இரும்பு வரும்வரை தைரியமாக வெட்டிவிட்டேன். அடிப்பாகம் முழுக்கப் போனது. அந்த இடத்தில் 2 எம்.எம். தகடு, பழைய ஓரத்தின் மேல் அரை இஞ்சு ஏறி உட்காரும்படி உள்பக்கமாக வைத்தேன். வெளிப்பக்கம் வைத்தால் விளிம்போரம் பள்ளமாகி அதில் ஈர மணல் தங்கும். உள்ளே வைத்தால் மண்வெட்டி இடிக்கும், அதை ஃபிளாப் டிஸ்க்கால் (கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் வட்டு) சரிவாகத் தேய்த்துவிடலாம்.

முதலில் நாலு மூலையிலும் டேக், அதாவது தகடு நகராமல் பிடிக்க ஒவ்வொரு பொட்டு. அப்புறம் எதிரெதிர்ப் பக்கமாக ஒரு விரல் நீளத்துக்குமேல் போகாமல் துண்டுதுண்டாகப் பத்தவைத்தேன். ஒரே மூச்சில் ஓட்டினால் தகடு அப்பளம் போல நெளிந்துவிடும். கை வைத்துப் பார்த்துச் சூடு தணிந்தால்தான் அடுத்த துண்டு. இடையிடையே விழும் ஓட்டைகளுக்கு ஒரு செம்புத் தகடு உதவியது. காயலான் கடையில் எடையில் வாங்கியது. ஓட்டைக்குப் பின்னால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னால் ராடை வைத்தால், இரும்பு செம்போடு ஒட்டாமல் ஓட்டையை மூடிக்கொள்ளும். செம்பு சூட்டை வேகமாக இழுத்துக்கொள்வதால் ஓட்டையும் பெரிதாவதில்லை. பிடிக்கும் கைக்குத் தோல் கையுறை இல்லாமல் இதைச் செய்யக்கூடாது.

தொட்டியை ஃபிரேமோடு சேர்த்துப் பத்தவைக்கவில்லை. முன்பு அப்படித்தான் இருந்தது, அதனால்தான் அந்த வரிசையே செத்தது. இப்போது போல்ட், நடுவே பழைய லாரி டியூபில் வெட்டிய ரப்பர் துண்டு. நாளைக்குத் தொட்டி போனாலும் ஃபிரேமில் கை வைக்க வேண்டாம்.

போல்ட் துளை போடும்போது தொட்டியை நாலு விரற்கடை முன்னால் தள்ளினேன். கணக்கு சுலபம். என் வண்டியில் சக்கரத்தின் அச்சிலிருந்து கைப்பிடிக்குச் சுமார் 150 சென்டிமீட்டர். பாரத்தின் நடு அச்சிலிருந்து 50 சென்டிமீட்டரில் இருந்தால் கைக்கு மூன்றில் ஒரு பங்கு வரும், அதாவது 90 கிலோவுக்கு 30 கிலோ. அதே பாரம் 42 சென்டிமீட்டருக்கு வந்தால் 25 கிலோதான். இடுப்புக்கு அந்த ஐந்து கிலோ நன்றாகவே தெரிகிறது. ஒரேயடியாகத் தள்ளினால் தொட்டி சக்கரத்தில் இடிக்கும், வண்டியும் மூக்கில் குத்திக்கொள்ளும்.

சக்கரத்தைப் பற்றிச் சொன்னால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும். இரும்புச் சக்கரத்தை எடுத்துவிட்டேன். சிமென்ட் தரையில் அது உருளும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும், மணலில் இறங்கினால் புதைந்து நிற்கும். அதன் இடத்தில் 4.00-8 அளவில் காற்று டயர். நம்மூர் ஆட்டோவில் ஓடும் அளவும் இதுதான், அதனால் டியூபும் பஞ்சரும் எங்கேயும் கவலையில்லை. ஓரளவு தேய்ந்த ஆட்டோ டயரே இந்த வேலைக்குப் போதும். தோட்ட மணலில் இந்த ஒரு மாற்றம் கொடுத்த சுகத்தை மற்ற எல்லாம் சேர்ந்தும் கொடுக்கவில்லை.

சாதாரண நாட்களில் வண்டிக்கு என்ன வேலை? தென்னைக்கு எரு, மட்டை, எப்போதாவது கேப்பர் மலைச் செம்மண் ஒரு லோடு இறங்கினால் அதைப் பின்கட்டுக்குக் கொண்டுபோவது. நிஜமான சோதனை 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. அது ஓய்ந்து மூச்சுவிடுவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்துகொண்டு தென்பெண்ணை கரை தாண்டி ஊருக்குள் வந்தது. வடிந்தபோது வாசல், கொல்லை எல்லாம் வண்டல் சேறு. 60 லிட்டர் தொட்டியில் ஈரச் சேறு நிரப்பினால் நூறு கிலோவைத் தொடும். பகல் முழுக்க எங்கள் வீட்டுக்கு, அப்புறம் பக்கத்து வீடுகளுக்கு என்று வண்டி ஓய்வே இல்லாமல் ஓடியது.

அடிப்பாகத்துப் பத்து ஒன்றுகூட விடவில்லை. விட்டது வலது காலைத் தாங்கும் குறுக்குப் பைப். அது நான் தொடாத பழைய வெல்டிங். கிழிந்த இடத்தைப் பார்த்தால் பத்து அப்படியே இருக்கிறது, அதை ஒட்டின பைப்தான் உள்ளிருந்து துருவேறிக் காகிதமாகியிருக்கிறது. முனை மூடாத பைப்புக்குள் வருஷக்கணக்காகத் தண்ணீர் நின்றிருக்கிறது. வெளியிலிருந்து தட்டிப் பார்த்தபோது கணீரென்றுதான் கேட்டது. திறந்த முனைக்குள் டார்ச் அடித்தும் பாருங்கள்.

இரண்டாவது பலி பேரிங். இரண்டு பக்கமும் ரப்பர் மூடியுள்ள 6204 நம்பர் பேரிங்தான் சக்கரத்தில் போட்டிருந்தேன். தெருவுக்கும் தோட்டத்துக்கும் அருமையாக ஓடியது. சேற்றுத் தண்ணீரில் அச்சு மூழ்க மூழ்க ஓடியதில், அடுத்த மாதமே கரகரவென்று அரைக்க ஆரம்பித்துவிட்டது. மூடிய பேரிங்கைக் கழுவி மறுபடி கிரீஸ் போடுவதும் எளிதில்லை. லேத் பட்டறையில் கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) புஷ், அதாவது அச்சு மேல் உட்காரும் குழல், கடைந்து, சக்கரத்தின் நடு ஹப்பில் கிரீஸ் நிப்பிள் ஒன்று வைத்துவிட்டேன். கிரீஸ் கன்னால் நாலு அழுத்து அழுத்தினால் புது கிரீஸ் உள்ளே போய்ப் பழைய சேற்றை ஓரம் வழியாக வெளியே தள்ளும். உருளும் சுகத்தில் பேரிங்குக்குக் கொஞ்சம் கீழேதான். ஆனால் சேற்றிலும் உப்பிலும் உழைக்கிற சக்கரத்துக்குப் புஷ்தான் என் ஓட்டு.

பெயின்ட்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபிரேமுக்கு ரெட் ஆக்சைடு மேல் எனாமல். வருஷத்துக்கு ஒரு தடவை சுரண்டின இடத்தில் தொட்டுவிட்டால் போதும். தொட்டியின் உள்பக்கம் பெயின்ட் அடிப்பது வீண். ஒரு லோடு ஜல்லியில் போய்விடும். கழுவிக் காயவைத்து, சமையலில் மிஞ்சின எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைக்கிறேன். எரிந்த என்ஜின் ஆயில் இன்னும் நன்றாக நிற்கும். எரு போகிற வண்டியில் அதை வைக்க எனக்கு மனசில்லை. கைப்பிடிக்குப் பழைய சைக்கிள் டியூபை இழுத்து மாட்டியிருக்கிறேன், வியர்வைக்கு நல்ல பிடிமானம்.

செலவைக் கேட்டால், தகடு, டயர், ராடு, டிஸ்க், லேத் கூலி எல்லாம் சேர்ந்து புது வண்டி விலையில் பாதியைத் தாண்டியது. வெல்டிங் மெஷினையும் ஹெல்மெட்டையும் சேர்த்தால் புது வண்டி வாங்குவதுதான் லாபம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே மெஷினில் கேட் கீல், மாடிப்படிக் கைப்பிடி, கோழிக்கூண்டு என்று வீட்டு வேலை பலதும் முடிந்துவிட்டதால், அதை வண்டிக் கணக்கில் எழுத நான் தயாரில்லை.

இப்போதைக்கு மிச்சமிருக்கும் வேலை கால்களின் அடிப்பாகம். தரையில் உரசி உரசிப் பைப் தேய்ந்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அங்கே 6 எம்.எம். பட்டை ஒன்று வைத்துவிட வேண்டும். தேய்ந்தால் பட்டை தேயட்டும். மற்றபடி தெருவில் யார் கேட்டாலும் வண்டியைக் கொடுத்துவிடுகிறேன், கான்கிரீட் வேலைக்கு மட்டும் கிடையாது. கழுவாமல் கொண்டுவந்து விடுகிறார்கள். இறுகின கலவையைச் சுத்தியால் பெயர்த்தால் முதலில் பெயர்வது ஓரத்தில் வைத்த பத்தாகத்தான் இருக்கும்.