பழைய எம்எக்ஸ்-5: பவரைத் தேடிப் போய்ச் சத்தத்தோடு குடித்தனம்

நண்பர் ஒருவர் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார். என்னிடம் இருக்கும் அதே 1.6 லிட்டர் வண்டி. எஞ்சினில் முதலில் எதை மாற்றலாம் என்று கேட்டார். சைலன்சரைத் தவிர எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள் என்றேன். எரிச்சலில் வந்த பதில்தான், ஆனால் திரும்பப் பெறுவதாக இல்லை.

எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் ஹெடர் குழாய்களிலிருந்து பின்குழாய் வரை முழு எக்ஸாஸ்டையும் மாற்றிப் பல வருடம் ஆகிறது. ஐடிலில் கேட்க அத்தனை சுகம். 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் இன்னும் சுகம். நடுவில்தான் வினை. இந்த வண்டியின் கியர் விகிதத்துக்கு, டாப் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்திலேயே முள் 3,000-ஐத் தாண்டிவிடும். இன்னும் கொஞ்சம் மிதித்து 3,500-ஐ நெருங்கினால் ஒரு உறுமல் ஆரம்பிக்கும். காதுக்கு வெளியே நிற்காது, நேராக மண்டைக்குள் இறங்கும். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் எரியும். 3,500-ல் அது வினாடிக்குச் சுமார் 117 தடவை. அந்த அதிர்வைக் குழாயும் கேபினும் சேர்ந்து பெருக்கிக் கொடுக்கின்றன. கம்பெனி சைலன்சர் அவ்வளவு கனமாக இருந்தது சும்மா இல்லை. ஒரு முனை அடைத்த கிளைக்குழாயை அந்தச் சத்தத்தின் அலைநீளத்தில் கால் பங்குக்கு அளந்து வெல்டு செய்தால் உறுமல் அடங்கும். ஆனால் சூடான வாயுவுக்குக் கணக்குப் போட்டால் அந்தக் குழாய் ஒரு மீட்டர் வருகிறது. இந்தக் குட்டி வண்டிக்கு அடியில் அதை எங்கே வைப்பது?

சரி, இத்தனைக்கும் கிடைத்த பவர்? பவரை அளக்கும் டைனோ மேடையில் ஏற்றினால் தெரியும், ரோட்டில் தெரியாது.

ஓப்பன் ஏர் ஃபில்டரும் அதே ஜாதி. எஞ்சின் சூட்டுக்குள் உட்கார்ந்து வெந்த காற்றை இழுக்கும். காற்று 3 டிகிரி சூடேறினால் அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் போய்விடும். சத்தம் மட்டும் பந்தய வண்டி மாதிரி.

எதிர்பாராத சந்தோஷம் செலவே இல்லாத ஒன்றில் வந்தது: இக்னிஷன் டைமிங், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் பிளக் பொறி விடும் என்பது. கம்பெனி வைத்தது 10 டிகிரி. டயக்னாஸ்டிக் பெட்டியில் ஒரு ஒயரை இணைத்து, சிலிண்டர் ஹெட்டுக்குப் பின்னால் இருக்கும் சென்சாரின் போல்ட்டைத் தளர்த்தி, டைமிங் லைட்டைப் பிடித்துக்கொண்டு 14-க்குத் திருப்பினால் போதும். 3,000-க்குக் கீழே பிக்கப் வேறு வண்டி போல ஆகிவிட்டது. ஒரு நிபந்தனை, அதிக ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டும். இந்த 1.6-ல், பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டுவதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் கிடையாது. தட்டும் சத்தம் வருகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். அந்தக் காதைத்தான் எக்ஸாஸ்ட் அடைத்து வைத்திருக்கிறது! என் கோபம் வெறும் தலைவலியால் வந்ததல்ல.

காசு போட்டதற்கு உண்மையில் பலன் தந்தது தனி ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. காற்று வரும் வழியில் மடல் வைத்த பழைய ஏர்ஃப்ளோ மீட்டரைக் கழற்றி வீசிவிட்டு, எஞ்சினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டு குழாயின் அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் கணக்கிடும் முறைக்கு மாறினேன். முழுதாக மிதிக்கும்போது தேவைக்கு மேல் ஊற்றும் பழக்கம் போனது, நடு ஆர்பிஎம்மில் இழுவை நிறைந்தது. ஆனால் பெட்டியின் விலைக்கு நிகராக ட்யூனிங்குக்கும் எடுத்து வைக்க வேண்டும். ட்யூன் செய்யாத ஈசியூ எஞ்சினுக்கு எமன்.

எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலை லேசானதாக மாற்றினால் பவர் கூடாது. முதல் இரண்டு கியரில் முள் துள்ளும், அவ்வளவுதான். கிளட்ச் மாற்ற எப்படியும் கியர்பாக்ஸை இறக்கும்போது சேர்த்துப் போடலாம், அதற்கென்று இறக்காதீர்கள். டர்போ பேச்சை நான் எடுக்கவே இல்லை. கிளட்ச், இன்ஜெக்டர், ரேடியேட்டர், அப்புறம் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் 1.6-ன் சின்ன டிஃபரன்ஷியல் என்று வரிசையாகப் பர்ஸுக்குள் கை விடும்.

இதற்கெல்லாம் முன்னால் சிலிண்டர்களில் கம்ப்ரஷன் (அழுத்தம்) சரியாக இருக்கிறதா பாருங்கள். பிளக், பிளக் ஒயர், ஆக்ஸிஜன் சென்சார் மாற்றுங்கள். இத்தனை வயதான எஞ்சினில் பழைய பவரைத் திரும்பக் கொண்டுவருவதே பாதி மேம்பாடு.

நண்பர் கறாராக ஒரு பதில் கேட்டார். எஞ்சினைத் தொடாதீர்கள், ஆயிரம் கிலோ கூட இல்லாத வண்டி, பணத்தை டயரிலும் ஷாக் அப்ஸார்பரிலும் போடுங்கள் என்றேன். அப்படியானால் உங்கள் ஈசியூவை எனக்குக் கொடுங்கள் என்றார். அதெல்லாம் தர முடியாது.