செம்பாட்டு மண்ணுக்கு ஷொக்கைப் பழக்கிய மூன்று ஆண்டுகள்

எங்கள் தோட்டத்து ஒழுங்கையில் மாரி மழையோடு லான்ட்மாஸ்டர் என்னும் இரு சக்கர உழவு இயந்திரம் போய்வந்த தடம், தை மாத வெயிலில் செங்கல்லாக இறுகிவிடும். அந்த வரிவரியான மேடுபள்ளத்தில்தான் என் ரிமோட் காரை மூன்று ஆண்டுகளாக ஓட்டுகிறேன். அசல் வண்டியின் 10இல் 1 பங்கு அளவு. மோட்டாரின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டும்.

வாங்கிய புதிதில் அடித்தட்டு அடிக்கடி தரையில் மோதியது. கேட்டவர்கள் எல்லோரும் ஷொக்கின், அதாவது சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் எண்ணெய்க் குழாயின், ஸ்பிரிங்கை இறுக்கச் சொன்னார்கள். கடினமான ஸ்பிரிங்குகளை மாட்டி, மேலே இடைவளையங்களையும் செருகினேன். மோதல் குறைந்தது. ஆனால், "மாமா, இது தவளை மாதிரித் துள்ளுகிறது" என்றான் மருமகன். அவன் சொன்னது சரி. பின்பக்கம் ஒவ்வொரு வரியிலும் எகிறி, கார் குறுக்கே போய் வேலியில் முட்டியது. மண்ணைத் தொடாத சக்கரத்தை வைத்துக்கொண்டு காரைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குவது. எண்ணெய் அசைவின் வேகத்தை அடக்குவது. எண்ணெய் பார்க்க வேண்டிய வேலையை ஸ்பிரிங்கிடம் கொடுத்ததுதான் என் பிழை. மென்மையான ஸ்பிரிங்குக்குத் திரும்பினேன். பற்றரியோடு காரை ஒரு சாண் உயரத்தில் இருந்து போட்டுப் பார்த்தேன். அது அமர்ந்த பின், சக்கரங்களைத் தாங்கும் கீழ்க்கைகள் தரைக்குச் சமாந்தரமாக நிற்கும்வரை வளையங்களைக் கழற்றினேன். காரைத் தூக்கும்போது சக்கரங்கள் நன்றாகக் கீழே தொங்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கிப் பிடிப்பது அந்தத் தொங்கலால்தான். கரடுமுரடான தரைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எண்ணெயில்தான் அதிக நாள் செலவானது. 350 சென்டிஸ்டோக்ஸ் (எண்ணெயின் தடிப்பைச் சொல்லும் அலகு) சிலிக்கன் எண்ணெயில் கார் வரிமேடுகளில் அருமையாக ஓடியது. வயல் வரம்பில் இருந்து பாய்ந்தால் மட்டும் அடி தட்டியது. 500க்கு மாற்றினேன். பாய்ச்சல் அழகாக அமர்ந்தது. ஆனால் நெருக்கமான மேடுகளில், அமுங்கிய ஷொக் நீளுவதற்குள் அடுத்த மேடு வந்துவிட்டது. கார் கீழே ஒட்டிக்கொண்டே ஓடியது. இப்போது முன்பக்கம் 425, பின்பக்கம் 350. பின் ஷொக்கின் மேல்முனையை ஒரு துளை உள்ளே தள்ளிச் சாய்த்திருக்கிறேன். தொடக்கத்தில் இளகியிருந்து, அமுங்க அமுங்க இறுகுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் எண்ணெய் நெகிழ்ந்துவிடுவதால் அந்த இரண்டு மாதமும் இரு பக்கமும் ஒரு படி தடிப்பானதை ஊற்றுகிறேன். போத்தலில் உள்ள 30, 40 என்ற எண்களை நம்பாதீர்கள்; ஒரு தயாரிப்பின் 30 மற்றொன்றின் 30 ஆக இராது. சென்டிஸ்டோக்ஸ் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

ஒருமுறை எண்ணெய் முடிந்து, அவசரத்துக்கு மோட்டார் சைக்கிள் எண்ணெயை ஊற்றினேன். சில நாட்களில், எண்ணெய் கசியாமல் அடைக்கும் சிலிக்கன் வளையங்கள் ஊதி, நான்கு ஷொக்கும் கசிந்தன. அதைச் செய்யவே வேண்டாம்.

எண்ணெய் ஊற்றியதும் பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, குமிழிகள் எல்லாம் வெளியேறும்வரை வையுங்கள். மூடிய பின் இடது, வலது ஷொக்குகளை ஒன்றாக அமுக்கிப் பாருங்கள். ஒன்று முந்தி வந்தால் திரும்பத் திறக்கத்தான் வேண்டும். நான் அலுப்பில் விட்ட நாட்களில் கார் ஒரு பக்கம் இழுத்தது.

செம்மண் தூசி எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகித் தண்டைத் தேய்க்கும். பலூனை வெட்டி உறையாகப் போட்ட பின் அந்தச் சிலிக்கன் வளையங்கள் முன்பைவிட நீண்ட நாள் நிற்கின்றன. மணற்காட்டுக் கடற்கரை மணல் வேறு கதை. அங்கே ஷொக்கைவிட உப்புத்தான் எதிரி. ஓடி வந்த அன்றிரவே திருகாணிகள், பெயாரிங்குகள் வரை துடைத்து உலர்த்திவிடுகிறேன்.

தீராத குறை ஒன்று இருக்கிறது. தோட்டம் முடிந்து சுண்ணக்கல் தலைகாட்டும் இடத்தில் முன்பக்கம் இன்னும் உதறுகிறது. பிஸ்டனில் எண்ணெய் போகும் துளையைப் பெரிதாக்கி, எண்ணெயை ஒரு படி தடிப்பாக்கிப் பார்க்கப் போகிறேன். பிஸ்டன்கள் வந்துவிட்டன, தோட்டத்து வெங்காயம் கிண்டி முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.