யூஜிசி அனுமதிக் கைந்நூல்: தொடர்பாடல் படிக்க நினைக்கும் திருகோணமலைப் பிள்ளைக்கு எவ்வளவு உதவும்?

உயர்தரப் பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு (யூஜிசி) ஆண்டுதோறும் மூன்று மொழிகளிலும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலை, விதிகளைப் பொறுத்தவரை முழுமையாக நம்பலாம். யாருக்குத் தகுதி, எந்த மாவட்டக் கணக்கு, எத்தனை இடம் என்பதெல்லாம் அதில் எழுதியபடிதான் நடக்கும். ஆனால் "அங்கே போய் நான் என்ன படிப்பேன், என்ன வேலை தெரிந்தவராக வெளியே வருவேன்" என்று கேட்கும் பிள்ளைக்கு அதில் கிடைப்பது சிறு விவரிப்பு மட்டுமே. மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்கு அது போதும், அவை என்னவென்று ஊருக்கே தெரியும். தொடர்பாடல் கற்கைக்கு அது போதவே போதாது.

திருகோணமலையில் இந்தக் குறை கூடுதலாகவே உறைக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிறது. அங்கே தொடர்பாடல் மற்றும் வணிகக் கற்கைகள் பீடம் என்று ஒரு பீடமே உண்டு. ஆனாலும் "வீட்டுக்குக் கிட்ட" என்பதற்காக அதை மேலே போடுகிறவர்களும் "செய்தி வாசிக்கிற படிப்புத்தானே" என்று கீழே தள்ளுகிறவர்களும்தான் அதிகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஊடகக் கற்கைகள், ஹொரணைப் பக்கம் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பாலி வளாகத்தில் உள்ள வெகுசன ஊடகம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு முடிவெடுக்கிறவர்கள் குறைவு. மூன்றும் ஒரே படிப்பல்ல.

கைந்நூலின் மிகப் பயனுள்ள பகுதி யூனிகோட் பட்டியல். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஓர் எண், எந்தப் பல்கலைக்கழகம் என்பதற்கு ஓர் எழுத்து. விண்ணப்பத்தில் நிரப்புவது இந்த இரண்டும் சேர்ந்த குறியீட்டைத்தான். யூனிகோட் என்பது இதுவே, கணினி எழுத்துருவின் யூனிகோட் அல்ல. எழுத்து ஒன்று மாறினால் அதே படிப்புக்கு வேறு ஊர் போக வேண்டி வரும். தமிழ்ப் பிடிஎஃபில் சொல்லைப் போட்டுத் தேடினால் எழுத்துருக் கோளாறால் சில வேளை அகப்படாது. யூனிகோடைப் போட்டுத் தேடுங்கள், அந்தப் படிப்பு வரும் எல்லாப் பக்கமும் வரிசையாகக் கிடைக்கும். தகுதி நிபந்தனையையும் தனியார் வகுப்பில் கேட்ட பேச்சாக வைத்திருக்காமல் அந்த வருடப் பதிப்பிலேயே வாசியுங்கள்: உயர்தரத்தில் எந்தப் பிரிவு, எந்தப் பாடங்கள், சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு என்ன சித்தி, உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி இருக்கிறதா என்பவை. உயர்தரத்தில் மூன்று பாடமும் நன்றாகச் செய்துவிட்டு இந்த 30ஐக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு.

வெட்டுப்புள்ளி அட்டவணையைத்தான் பலர் பிழையாக வாசிக்கிறார்கள். அதில் இருப்பது முந்திய வருடம் அந்த மாவட்டத்தில் கடைசியாகத் தெரிவானவரின் இசட் புள்ளி. இவ்வருடத்துக்கு அது எல்லைக்கோடு அல்ல. பொதுவாக இடங்கள் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பிரியும். திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளது. சில கற்கைநெறிகளுக்கோ அகில இலங்கைத் திறமை மட்டும்தான் கணக்கு. எனவே எண்ணைப் பார்க்குமுன் தெரிவு முறையைப் பாருங்கள். அட்டவணையில் என்கியூசி என்று இருந்தால் அந்த மாவட்டத்திலிருந்து தகுதியானவர் எவரும் இல்லை என்று பொருள், இடம் இல்லை என்று பொருளல்ல.

விருப்ப ஒழுங்கில் செய்யும் பிழை இதைவிடப் பெரிது. கணினி மேலிருந்து கீழே வரும். உங்கள் புள்ளிக்கு எட்டும் முதல் யூனிகோடில் நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ளவை பார்க்கப்படுவதேயில்லை. ஆகவே தூர ஊர்க் கலைப்பீடம் ஒன்றைப் பழக்கத்தில் மேலே போட்டுவிட்டு, உண்மையில் விரும்பும் தொடர்பாடலைக் கீழே போட்டால், கலைப்பீடம் கிடைத்த கணமே தொடர்பாடல் கைவிட்டுப் போகும். அதே காரணத்தால், எட்டாது என்று பயந்து விருப்பமானதை நீக்கவும் தேவையில்லை. எட்டாததை மேலே போட்டால் கீழே உள்ளது கெடாது. வாய்ப்பைக் கணக்குப் பார்த்து அல்ல, ஆசைப்படும் வரிசையிலேயே நிரப்புங்கள். கைந்நூல் இதைச் சட்ட நடையில் சொல்லிவிட்டுப் போகிறது. ஓர் உதாரணம் போட்டுக் காட்டியிருந்தால் எத்தனையோ பிள்ளைகளுக்கு நன்மையாக இருந்திருக்கும்.

இனிக் கைந்நூல் சொல்லாதவை. ஒழுங்கை நிரப்புமுன் பீடத்தின் சொந்தக் கைந்நூலை, அதாவது பாடங்களும் கிரெடிட்டும் அரையாண்டு வாரியாக உள்ளதை, வளாக இணையத்தளத்திலோ சிரேஷ்ட மாணவரிடமோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது பட்டத்தின் மட்டம். பட்டங்களின் தரத்தை வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 5ஆம் மட்டம் என்றால் மூன்று வருடம், 90 கிரெடிட். 6ஆம் மட்டச் சிறப்புப் பட்டம் நான்கு வருடம், 120 கிரெடிட். ஒரு கிரெடிட் 50 மணி நேர உழைப்பு. அரையாண்டுக்கு 15 கிரெடிட், 15 வாரம் என்று வைத்தால் கிழமைக்கு 50 மணி. விரிவுரை அதில் ஒரு பங்குதான்: 3 கிரெடிட் பாடத்தின் 150 மணியில் வகுப்பு 45, மீதி 105ம் வாசிப்பு, களவேலை, ஒலி ஒளி வெட்டி ஒட்டுதல். பகுதிநேர வேலையோடு சமாளிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கற்பித்தல் மொழி. ஆங்கில மொழிமூலம் என்று இருந்தால், தமிழில் உயர்தரம் படித்தவருக்கு முதல் வருடத்தில் இடறுவது பேச்சு அல்ல, நீளமான வாசிப்பு. பெறுபேறுக்கும் பதிவுக்கும் இடையில் கிடைக்கும் நீண்ட காத்திருப்பில் தினமும் ஒரே செய்தியைத் தமிழ்ப் பத்திரிகையிலும் ஆங்கிலப் பத்திரிகையிலும் வாசித்து, ஆங்கிலத்தில் 150 சொல்லில் சுருக்கி எழுதுங்கள். பணம் கட்டிப் போகும் பேச்சு வகுப்பைவிட இது உதவும்.

முதல் வருடத்தை "அடிப்படைப் பாடங்கள்தானே" என்று விட்டுவிடுவது பின்னர் வலிக்கும். ஏ தரத்துக்கு 4, பி தரத்துக்கு 3, சி பிளஸுக்கு 2.3 புள்ளி. 3 கிரெடிட்டில் ஏ, 3 கிரெடிட்டில் பி, 2 கிரெடிட்டில் சி பிளஸ் எடுத்தால் கூட்டுத்தொகை 12 + 9 + 4.6 = 25.6, மொத்தக் கிரெடிட் 8ஆல் வகுக்க ஜிபிஏ, அதாவது சராசரித் தரப்புள்ளி, 3.2. பொதுவாக இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 வேண்டும், முதல் வகுப்புக்கு 3.70. அந்த ஒரே ஒரு சிறு பாடம் மேற்பிரிவைத் தட்டிவிட்டது. மீள எழுதினாலும் பெரும்பாலும் சி தரத்துக்கு மேல் பதிய மாட்டார்கள். வரவு 80 வீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை மண்டபத்துக்குள் போவதே சிக்கலாகும்.

பயிற்சிக்காலத்தைப் பற்றியும் கேளுங்கள். தொழிற்பயிற்சியில் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணி. 6 கிரெடிட் என்றால் 600 மணி, கிழமைக்கு 40 மணியாக 15 வாரம். வானொலி, தொலைக்காட்சி என்று தேடினால் பெரும்பாலும் கொழும்புதான். அறை வாடகையும் சாப்பாடும் வீட்டுக்காரர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய செலவு.

களவேலைக்கு இந்த மாவட்டத்தில் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள், மூதூர்ப் படகுச் சேவை, 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்துக்குப் பிந்திய வியாபாரம் என்று எதை எடுத்தாலும் நல்ல ஆய்வு வரும். இங்கே தவறிப்போவது நேரக் கணக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கோரிக்கை கொடுத்தால், தருவதா இல்லையா என்ற முடிவுக்கே 14 வேலை நாட்கள் உண்டு. பதில் திருப்தியில்லை என்றால் மேன்முறையீட்டுக்குத் தனி நாட்கள். அரையாண்டின் 10ஆம் வாரத்தில் அந்தக் கோரிக்கைக்கான ஆர்டிஐ 01 படிவத்தை நிரப்புகிறவரிடம் ஒப்படைப்பு நாளில் தரவு இருக்காது. இரண்டாம் வாரமே கொடுங்கள், கோரிக்கையில் கேள்வி மூன்றுக்கு மேல் வேண்டாம், கொடுத்ததற்கான அத்தாட்சியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுப் பிரதி வாங்கலாமா? வாங்குங்கள். வெட்டுப்புள்ளி அட்டவணையைக் கைபேசித் திரையில் பார்த்து வரி மாறி வாசிப்பது வழக்கமாக நடப்பது. பிரதியில் அடிமட்டம் வைத்துப் பார்க்கலாம். பழைய வருடப் பிரதியை அண்ணன் அக்காவிடம் இரவல் வாங்கி நிரப்புவது மட்டும் கூடாது, தகுதியும் யூனிகோடும் மாறக்கூடும். மகாபொலப் புலமைப்பரிசில், விடுதி பற்றிய பக்கங்களையும் அப்பா அம்மாவோடு இருந்து வாசியுங்கள். பட்டணத்துப் பிள்ளை குச்சவெளி, புல்மோட்டை பஸ்ஸில் ஏறிக் கோணேசபுரியில் இறங்கிவிடலாம்; மூதூர், சேருவில பக்கத்துப் பிள்ளைக்கு அதே மாவட்டம் என்றாலும் போய் வருவது அன்றாடம் முடியாத காரியம். விடுதிக்கு விண்ணப்பிக்கும்போது விலாசத்தோடு, வீட்டிலிருந்து வளாகத்துக்கு எத்தனை பஸ் மாற வேண்டும், எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்பதையும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு எழுதிக் கொடுங்கள்.