நம் சரக்கை நம்மைக் கேட்காமல் ஆன்லைனில் விற்றால்: புகாரா, வக்கீலா, சீலில் ஒரு எழுத்தா?

போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு போன். "உங்க நேந்திரங்காய் சிப்ஸ் சிக்கு வாடை அடிக்குதுங்க." எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், "ஆன்லைன்லதாங்க." தக்கலைக்குப் பக்கத்தில் தேங்காய் எண்ணெயில் ஏத்தங்காய் (நேந்திரங்காயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) சிப்ஸ் போட்டு விற்கிறவர்கள் நாங்கள். ஆன்லைனில் ஒரு பாக்கெட்கூட விற்றதில்லை. நானே ஒன்று ஆர்டர் போட்டேன். கவரும் சிப்ஸும் எங்களுடையவைதான். தேதி இருந்த இடத்தில் மட்டும் தின்னர் வைத்துத் துடைத்த தடம், அதன் மேல் புது ஸ்டிக்கர். உள்ளே நல்ல காறல்.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். தளத்தில் புகார். இதற்கு டிரேட்மார்க் வேண்டும். சிறு தொழில் என்றால் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு சரக்கு வகைக்கு, ஆன்லைன் கட்டணம் 4,500 ரூபாய். எப்படியும் எடுத்துவைக்க வேண்டியதுதான். ஆனால் புகார் செய்ததும் மறைந்த லிஸ்டிங், பத்தே நாளில் வேறு கடைப் பெயரில் முளைத்தது. போலிச் சரக்கு என்றால் இந்த வழி நன்றாக வேலை செய்யலாம். எங்கள் விஷயத்தில் சரக்கு அசல், விற்கிறவன்தான் அந்நியன்.

அடுத்தது வக்கீல். 1999 டிரேட்மார்க் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி, முறையாக வாங்கிய சரக்கை ஒருவர் மறுபடி விற்பதை நாம் பொதுவாகத் தடுக்க முடியாது. சரக்கின் நிலை மாறியிருந்தாலோ கெட்டிருந்தாலோ மட்டும் எதிர்க்கலாம். தேதியை அழித்தவன் அந்த வகையில் நமக்கு ஒரு பிடி கொடுத்துவிட்டான். ஆனாலும் ஆம்வே போன்ற பெரிய கம்பெனியே, தன் சரக்கைத் தன்னைக் கேட்காமல் விற்ற ஆன்லைன் தளங்களுக்கு எதிராக 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாங்கிய தடையை, 2020 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு ரத்து செய்தது. நான் நோட்டீஸோடு நிறுத்திக்கொண்டேன்; அதுவும் 'விலாசத்தில் ஆள் இல்லை' என்று திரும்பி வந்தது. வழக்கு வரை போனவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

'இந்த விலைக்குக் கீழே விற்காதே' என்று டீலரிடம் எழுதி வாங்கச் சொன்னார் ஒரு நண்பர். அதில் கவனம் வேண்டும். டீலர்கள் தரும் தள்ளுபடிக்குக் கட்டுப்பாடு போட்டதற்காக 2021-இல் மாருதிக்குப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நாம் சின்ன ஆள்தான், இருந்தாலும் அந்த வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் பிடித்தது மூன்றாவது வழி. யார் கையிலிருந்து ஒழுகுகிறது என்பதைச் சரக்கே சொல்ல வேண்டும். அதுவரை ஒரு நாள் போட்ட சிப்ஸ் முழுவதற்கும் ஒரே பேட்ச் எண். பதினொரு டீலருக்கும் அதேதான் போகும். அதைத் துடைத்துவிட்டால் அதுவும் போச்சு. கவரின் வாயைச் சூட்டில் ஒட்டும் பேண்ட் சீலர் மெஷினில் எழுத்து அச்சு பொருத்த ஒரு சக்கரம் உண்டு. அதுவரை அதில் வெறும் மாசமும் வருஷமும்தான் வைத்திருந்தோம். இப்போது கூடவே டீலருக்கு ஒரு எழுத்து. சூட்டில் கவரிலேயே பதிந்துவிடும், தின்னருக்கு மசியாது.

வேலை என்று பார்த்தால் இதில் சலிப்புதான் அதிகம். ஒவ்வொரு டீலர் ஆர்டருக்கும் எழுத்தை மாற்ற வேண்டும், நோட்டில் குறிக்க வேண்டும். ஓணம் நெருக்கடியில் பேக்கிங் அக்கா இரண்டு முறை மாற்ற மறந்துவிட்டார். அந்த இரண்டு நாள் சரக்கும் கணக்கில் குருடு. நோட்டு ஒரு வாரம் விட்டுப்போனால் மொத்த ஏற்பாடும் வீண். பதினொரு பேருக்கு இது சரி, நூறு டீலர் உள்ளவர்களுக்கு எழுத்து போதாது, க்யூஆர் கோடு மாதிரி ஏதாவது வேண்டும்.

ஐந்தாவது வாரம் மறுபடி ஒரு பாக்கெட் வாங்கினேன். சீலில் 'கே'. பாக்கி வைக்காத டீலர் அவர், சந்தேகமே படாத ஆள். நேரில் போய்க் கவரைக் காட்டினேன். மழுப்பவில்லை. "அண்ணே, மீந்த சரக்க நீங்க திருப்பி எடுக்க மாட்டீங்க. நான் எங்க கொண்டு போட? பாதி விலைக்கு ஒருத்தன் கேட்டான், குடுத்துட்டேன்." அந்த ஒருத்தன்தான் ஸ்டிக்கர் ஒட்டினவன்.

ரிட்டன் கிடையாது என்று பில்லில் அச்சடித்து வைத்ததே நான்தான். புகாரும் நோட்டீஸும் இதை எனக்குச் சொல்லியிருக்காது. இப்போது தேதி முடிய மூன்று வாரம் இருக்கும்போதே மீந்ததை எடுத்துக்கொள்கிறோம், பாதி விலைக்குக் கழித்து. எடுத்ததை யூனிட் வாசலிலேயே தேதியைச் சொல்லி மலிவாக விற்கிறோம். கொஞ்சம் நஷ்டம்தான்.

அந்த லிஸ்டிங் இன்னும் கிடக்கிறது, எங்கள் பழைய கவர் படத்தோடு. கீழே 'தற்போது இருப்பில் இல்லை'. திங்கட்கிழமைதோறும் ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்கிறேன்.