உயெஸ்தின் தலைக்கணக்கு: வரிப் பட்டியலா, 1897 கணக்கெடுப்பா?

ரஷ்யப் பேரரசில் குபேர்னியா என்ற மாகாணத்துக்குக் கீழிருந்த வட்டம்தான் உயெஸ்து. அதன் மக்கள்தொகையைத் தேடினால் இரண்டு ஆதாரங்கள் கைக்கு வரும். ஒன்று 'ரிவிசியா' என்ற தலைவரிப் பட்டியல். 10 முறை எடுத்தார்கள், கடைசி 1857-58. மற்றது 1897 பொதுக் கணக்கெடுப்பு. என் ஓட்டு 1897-க்கே.

குடும்ப வரலாறு தேடுவோருக்கு ரிவிசியாதான் புதையல். ஓர் ஆணின் முந்தைய பட்டியலில் இருந்த வயது, இப்போதைய வயது, இடையில் இறந்தாரா, படைக்குப் போனாரா, எந்த ஆண்டில் என்பதெல்லாம் ஒரே வரியில் இருக்கும். ஆனால் அது எண்ணியது வரி கட்ட வேண்டிய ஆண்களை. பிரபுக்கள் கணக்கில் வரமாட்டார்கள். 1811 பட்டியலில் பெண்களே இல்லை. உயெஸ்துக்கு 20,000 முதல் 30,000 வரை என்று 1775-இல் இரண்டாம் கேத்தரின் வகுத்த அளவும் இந்த ஆண் தலைக்கணக்குதான். அதை மொத்த மக்கள்தொகையாகப் படித்தால் பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

தீர்ப்பை முடிவு செய்வது இன்னொன்று: ஆள் எங்கே இருந்தார்? கோஸ்த்ரோமா குபேர்னியாவின் சுக்லோமா உயெஸ்திலிருந்து ஏராளமான ஆண்கள் பீட்டர்ஸ்பர்க்குக்கு வேலைக்குப் போனார்கள். ரிவிசியாவில் ஆள் எங்கே பிழைத்தாலும் பதிவான கிராமத்துக் கணக்கில்தான் நிற்பார். 1897 படிவமோ பதிவான ஊர், வழக்கமாக வசிக்கும் ஊர், அன்று இருந்த இடம் மூன்றையும் தனித்தனியே கேட்டது. அதற்கு ஜனவரி 28-ஐ (பழைய நாட்காட்டி) தேர்ந்தெடுத்ததும் குளிர்காலத்தில் நடமாட்டம் குறைவு என்பதால்தான்.

அட்டவணையில் ஒரு பொறி உண்டு. உயெஸ்து மொத்தத்தில் நகரமும் அடக்கம். 'நகரம் நீங்கலாக' என்று தனி வரி இருக்கும். மொத்தத்தோடு நகரத்தை மறுபடி கூட்டினால் இரட்டைக் கணக்கு.

1897-இன் குறை, இனத்தைக் கேட்காமல் தாய்மொழியை மட்டும் கேட்டது. யூத சமயத்தார் சுமார் 52 லட்சம், யூத மொழி பேசியோர் சுமார் 51 லட்சம். ஆகவே சமய அட்டவணையையும் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும். பாக்கு குபேர்னியா உயெஸ்துகளில் 'டாட்டர்' என்றிருப்பது பெரும்பாலும் இன்றைய அஜர்பைஜானி. புல்வெளிப் பகுதியின் 'கிர்கிஸ்', கசாக்.

இந்த ஒப்பீட்டைக் காக்கசஸுக்கு அப்படியே நீட்டத் தயங்குவேன். அங்கே ரிவிசியாவுக்குப் பதில் 'காமெரல்' என்ற வரிப் பதிவேடுகள். அவற்றுக்குக் கணக்கே வேறு.